ஒரு துண்டு மூளைத் திசு, நாலு வகை எக்ஸ்ரே: எதற்குக் கொடுப்பது?

மூளை வங்கியிலிருந்து ஒரு மெழுகுக் கட்டி வருகிறது. தீப்பெட்டியில் பாதி இருக்கும். அல்சைமர் நோயோடு வாழ்ந்து இறந்த ஒருவரின் மூளைப் புறணியில் இருந்து வெட்டிய, கட்டைவிரல் நகம் அகலமுள்ள ஒரு துண்டு அதற்குள் புதைந்திருக்கிறது. அந்தத் துண்டுக்குள் அமிலாய்டு என்ற புரதம் கட்டியாகச் சேர்ந்த படிவுகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் சில பத்து மைக்ரான் அகலம், அதாவது தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். படிவின் நடுவே இரும்பு இருக்கலாம், செம்பு இருக்கலாம், கால்சியமும் இருக்கலாம். இதை, எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுற்றவிட்டு மிகப் பிரகாசமான எக்ஸ்ரே எடுக்கும் சிங்க்ரோட்ரானுக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவாகிவிட்டது. எந்த முறைக்குக் கொடுப்பது?

புதிதாக இதற்குள் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எதில் துல்லியம் அதிகம்? 20 நானோமீட்டரா, 50 நானோமீட்டரா?" என்றுதான். கேமரா வாங்கப் போய் மெகாபிக்சலை மட்டும் விசாரிப்பது மாதிரி. அங்கிருந்து யோசிக்க ஆரம்பித்தால் அநேகமாகத் தவறான பீம்லைனில்தான், அதாவது வளையத்திலிருந்து கற்றை வந்து சேரும் தவறான அளவீட்டு நிலையத்தில்தான் போய் நிற்போம். முதலில் தீர்மானிக்க வேண்டியது வேறு. படிவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, அதில் என்ன தனிமம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, அந்தத் தனிமம் என்ன வேதி நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? எங்கே, என்ன, எப்படி என்ற இந்த மூன்றுக்கும் மூன்று வேறு கருவிகள். மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிடுகிறேன் என்று எழுதிக் கற்றை நேரம் கேட்ட விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தன்னம்பிக்கை எனக்கு இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது எதுவும் உயிரோடு இருப்பவருக்கான சோதனை கிடையாது. உடல் முழுவதும் 5 கிரே கதிர்வீச்சு பட்டாலே உயிருக்கு ஆபத்து. இங்கே ஒரு சின்னப் புள்ளியில் இறங்கும் அளவைப் பல நேரம் மெகாகிரேயில், அதாவது பத்து லட்சம் கிரே கணக்கில் சொல்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு பெட் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன. அவற்றின் பிக்சல் மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் தனித்தனிப் படிவு தெரியாது, பெட்டில் மொத்தச் சுமைதான் தெரியும். நாம் பேசுவது இறந்தபின் தானமாகக் கிடைத்த திசுவைப் பற்றி.

சரி, சாயம் போதாதா? அலோயிஸ் அல்சைமர் 1906-இல் ட்யூபிங்கனில் தன் நோயாளியின் மூளையைப் பற்றிப் பேசியபோது அவர் கையில் இருந்தது வெள்ளிச் சாயமும் சாதாரண நுண்ணோக்கியும்தான். இரும்பைப் பார்க்க மாக்ஸ் பெர்ல்ஸ் 1867-இல் கொடுத்த நீலச் சாயத்தை இன்றைக்கும் ஆய்வகங்களில் ஊற்றுகிறார்கள். மலிவு, ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் பெர்ல்ஸ் சாயம் ஃபெர்ரிக் (மூன்று எலக்ட்ரான் இழந்த) இரும்பை மட்டும்தான் பிடிக்கும். செம்பையும் துத்தநாகத்தையும் அது கண்டுகொள்ளாது. எவ்வளவு இரும்பு என்று கேட்டால் 'நிறைய நீலம், கொஞ்சம் நீலம்' என்பதைத் தாண்டிப் பதில் வராது. உங்கள் கேள்விக்கு அந்தப் பதில் போதுமென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், செலவு மிச்சம்.

ஒளிர்வு வரைபடம்: தனிமத்தின் பெயர் சொல்லும் முறை

எக்ஸ்.ஆர்.எஃப். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் கூர்மையான ஒரு கற்றையைத் திசுவின் மேல் புள்ளி புள்ளியாக நகர்த்துவார்கள். கற்றை பட்ட அணுவின் உட்கூட்டில் இருந்து ஒரு எலக்ட்ரான் தெறிக்கும், மேல் கூட்டில் இருந்து இன்னொன்று அந்தக் காலியிடத்தில் விழும். விழும்போது வெளிவரும் எக்ஸ்ரேயின் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். கால்சியத்துக்கு 3.69 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 6.40, செம்புக்கு 8.05, துத்தநாகத்துக்கு 8.64. ஆகவே ஒரே ஓட்டத்தில் நாலு தனிமத்துக்கும் நாலு வரைபடம் கிடைத்துவிடும். சாயம் வேண்டாம், எதையும் ஒட்ட வேண்டாம்.

எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்குக் காரணம், தேடாமல் விட்டதையும் இது காட்டிவிடும். இரும்பைத் தேடிப் போனவர் துத்தநாகத்தைக் கண்டுகொண்டு திரும்பலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் செய்து 2006-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அல்சைமர் மூளைச் சீவலை முதலில் அகச்சிவப்பு ஒளியில் வைத்து, புரதம் பீட்டா மடிப்பாகச் சுருண்ட இடங்களைக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் அதே சீவலை எக்ஸ்.ஆர்.எஃப்.பில் வைத்தார்கள். படிவு இருந்த அதே இடங்களில் செம்பும் துத்தநாகமும் குவிந்திருந்தன. 2009-இல் மரபணு மாற்றிய சுண்டெலிகளிடம் இதைச் செய்து பார்த்தபோது, மனிதப் படிவு பிடித்துவைக்கும் அளவுக்கு எலியின் படிவு உலோகத்தைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எலி மாதிரியை வைத்து உலோகக் கதை எழுதுகிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

அந்த 2006 ஆய்விலேயே இந்த முறையின் குறையும் இருக்கிறது. அகச்சிவப்பு எதற்குத் தேவைப்பட்டது? எக்ஸ்.ஆர்.எஃப். படிவைப் பார்க்காது. படிவு புரதம்; புரதமென்றால் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன். இந்த லேசான தனிமங்களின் ஒளிர்வு மிகப் பலவீனமானது, காற்றிலேயே அடங்கிவிடும். எனவே இரும்புப் புள்ளி ஒன்று தெரிந்தால் அது படிவுக்குள் இருக்கிறதா, பக்கத்து ரத்தக்குழாயில் சிக்கிய சிவப்பணுவா என்று எக்ஸ்.ஆர்.எஃப். மட்டும் சொல்லாது. அகச்சிவப்போ, தயோஃப்ளேவின் மாதிரியான ஒளிரும் சாயமோ, ஏதாவது துணை வேண்டும். சாயத்தை எக்ஸ்ரேக்கு முன்னால் போட்டால் உலோகம் கரைந்தோ சேர்ந்தோ போகும். ஆகவே எக்ஸ்ரே எடுத்தபின் அதே சீவலில் சாயம் போடுங்கள், இல்லையென்றால் ஒட்டிய அடுத்த சீவலில் போடுங்கள்.

இனி துல்லியத்துக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பரப்பை ஒரு மைக்ரான் அடி வைத்து வரைய வேண்டும் என்றால் பத்து லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 10 மில்லிநொடி என்றால் 10,000 நொடி. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே பரப்பை 100 நானோமீட்டர் அடி வைத்து வரைந்தால் பத்துக் கோடி புள்ளிகள், பத்து லட்சம் நொடி. பதினொன்றரை நாள்! உங்களுக்குக் கிடைக்கப்போகும் நேரமோ வழக்கமாக மூன்று முதல் ஆறு நாள். நானோ கற்றை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நானோவில் வரைய முடியாது. 20 மைக்ரான் அகலமுள்ள ஒரே ஒரு படிவென்றால் 40,000 புள்ளிதான், நானோவில் புள்ளிக்கு 50 மில்லிநொடி கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் முடியும். ஆனால் எந்தப் படிவு என்று போகும்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் முதல் இரண்டு நாள் தேடுவதிலேயே கரைந்துவிடும்.

அதனால் முதலில் 5 மைக்ரான் அடியில் விரைவாக ஒரு சுற்று, சுவாரசியமான இடத்தில் ஒரு மைக்ரான், நாலைந்து படிவுகளுக்கு மட்டும் நானோ என்று இறங்கிப் போவதுதான் சரி. பல வளையங்களில் மைக்ரோவும் நானோவும் தனித்தனி பீம்லைனாகத்தான் இருக்கும். பிரிட்டனின் டயமண்ட் வளையத்தில் ஐ18 மைக்ரான் அளவுக்கு, ஐ14 நானோவுக்கு. இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

எக்ஸ்.ஆர்.எஃப். கற்றையின் ஆற்றலை மாற்றிக்கொண்டே போனால் வேதி நிலையையும் ஓரளவு பார்க்கலாம். ஒரு தனிமம் எக்ஸ்ரேயைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலை விளிம்பு என்பார்கள். இரும்பின் கே-விளிம்பு, அதாவது அதன் உட்கூட்டு எலக்ட்ரானுக்குரியது, 7,112 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் ஏற ஏற அந்த விளிம்பு சில எலக்ட்ரான் வோல்ட் மேலே நகரும். ஒரு புள்ளியில் இதை எடுப்பது எளிது. வரைபடமாக எடுப்பதற்கு நேரம் மீண்டும் பல மடங்காகும்.

எஸ்.டி.எக்ஸ்.எம்.: வேதி நிலை தெரிய வேண்டுமென்றால்

குறைந்த ஆற்றலுள்ள மென் எக்ஸ்ரேயை ஒரு வளையத்தகடு லென்ஸால் 20 முதல் 50 நானோமீட்டர் புள்ளியாகக் குவித்து, திசுவைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்று புள்ளி புள்ளியாக அளக்கும் எக்ஸ்ரே நுண்ணோக்கிதான் எஸ்.டி.எக்ஸ்.எம். இங்கே கே-விளிம்புக்குப் பதில், அடுத்த கூட்டுக்குரிய எல்-விளிம்பைப் பார்க்கிறோம். ஃபெர்ரஸ் (இரண்டு எலக்ட்ரான் இழந்த) இரும்பின் உச்சி 708 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, ஃபெர்ரிக்கின் உச்சி 710-ஐ ஒட்டி. பார்த்தாலே பிரித்துவிடலாம். கே-விளிம்பில் ஒரே சரிவாகத் தெரிவது இங்கே தனித்தனிக் கோபுரமாகத் தெரிகிறது.

இன்னொரு வசதியும் உண்டு, எக்ஸ்.ஆர்.எஃப்.பிடம் இல்லாதது. ஆற்றலைக் கார்பன் விளிம்பின் பக்கம் இறக்கினால் 288.2 எலக்ட்ரான் வோல்ட்டில் புரதத்தின் பெப்டைடு பிணைப்பு நேரடியாகத் தெரியும். கால்சியத்தின் இரட்டை உச்சி 350-ஐ ஒட்டி வந்துவிடும். பார்க்கின்சன் நோயில் பாதிக்கப்படும் கருங்கூறுப் பகுதியின் நரம்பணுக்களில் இருக்கும் நியூரோமெலனின் நிறமிக்கு 287.4-இல் தனி அடையாளம் இருக்கிறது என்று 2020-இல் காட்டினார்கள். ஆகவே சாயமே இல்லாமல், ஒரே சீவலில், ஒரே கருவியில் புரதம், கால்சியம், இரும்பு, இரும்பின் நிலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்.

இந்த முறையில் வந்த மிகப் பேசப்பட்ட முடிவு, கீல் மற்றும் வார்விக் பல்கலைக்கழகக் குழுவினர் 2021-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியிட்டது. அல்சைமர் மூளைகளில் இருந்து பிரித்தெடுத்த அமிலாய்டு மையங்களில் ஆக்சைடாகவோ அயனியாகவோ இல்லாமல் தனி உலோகமாகவே செம்பும் இரும்பும் நானோ துகள்களாக இருந்தன என்றார்கள். உடலுக்குள் உலோகச் செம்பு! வேறு எந்த முறையாலும் இதை இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க முடியாது. 'படிவில் செம்பு இருக்கிறது' என்று எக்ஸ்.ஆர்.எஃப். நிறுத்தியிருக்கும். அதே சமயம், மையங்களைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையே எதையாவது மாற்றியிருக்குமா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. நான் இதைச் செய்வதாக இருந்தால் பிரித்தெடுத்த மையத்தோடு, திசுவுக்குள் இருந்த இடத்திலேயே சீவிய படிவையும் அருகருகே வைத்து அளக்கும்படி திட்டம் போடுவேன்.

இதற்குக் கொடுக்கும் விலை கனமானது. மென் எக்ஸ்ரே தடித்த எதையும் தாண்டாது. சீவல் 100 முதல் 500 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். திசுவைப் பிசினில் புதைத்து இறுக வைத்து, வைரக் கத்தியில் சீவ வேண்டும். பிசினும் கார்பன்தான், எனவே கார்பன் விளிம்பில் அதன் குரலும் சேர்ந்தே கேட்கும். காற்றும் ஆகாது, வெற்றிடத்திலோ ஹீலியத்திலோதான் வேலை. கற்றையை ஒழுங்குபடுத்தும் துளைத்தகட்டுக்கும் திசுவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சீவலைத் தாங்கும் சிலிக்கான் நைட்ரைடு சவ்வும் சுமார் 100 நானோமீட்டர்தான். இடுக்கி லேசாகப் பட்டாலே கிழியும். ஒரு நாளில் உருப்படியாகச் சில படிவுகளைப் பார்த்து முடித்தால் அது நல்ல நாள்.

இன்னொரு பொறியும் உண்டு. நாம் அளக்க வந்த ஆக்சிஜனேற்ற நிலையை அளக்கும் கற்றையே மாற்றிவிடும். ஃபெர்ரிக் இரும்பு கற்றை பட்டுப் பட்டு ஃபெர்ரஸ் ஆகும். செம்பு இன்னும் சீக்கிரம் குறைந்துபோகும். ஆகவே ஒரே இடத்தை இரண்டாம் முறை அளந்து நிறமாலை நகர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள். முடிந்தால் திரவ நைட்ரஜன் குளிரில் அளக்கலாம். சேதம் குறையும், நின்றுவிடாது.

கட்ட மாறுபாட்டு டோமோகிராபி: வெட்டாமல் பார்ப்பது

மருத்துவமனை எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று தெரிவதும் மூளை ஒரே சாம்பலாகத் தெரிவதும் உறிஞ்சலால். மென்திசுவுக்குள் உறிஞ்சல் வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் எக்ஸ்ரே அலை திசுவைக் கடக்கும்போது கொஞ்சம் பின்தங்கவோ முந்தவோ செய்யும். இந்தக் கட்ட மாற்றம், ஆற்றல் அதிகமுள்ள கடின எக்ஸ்ரேயில் உறிஞ்சல் விளைவைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு. அதைப் பல கோணங்களில் பிடித்து முப்பரிமாணப் படமாக்கிவிட்டால் (அதுதான் டோமோகிராபி) சாயமில்லாத மூளையிலும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு 2018-இல் மனிதச் சிறுமூளைத் துண்டில் சுமார் 18 லட்சம் நரம்பணுக்களைக் கணினியால் இனங்கண்டது. 2020-இல் அதே குழு அல்சைமர் பாதித்த திசுவை டோமோகிராபியில் எடுத்து, அப்புறம் அதையே சீவிச் சாயமிட்டு, இரண்டையும் பொருத்திப் பார்த்தது. பிரான்சின் கிரெனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள ஈ.எஸ்.ஆர்.எஃப். வளையம் புதுப்பித்துத் திறந்தபின், 2021-இல் வெளிவந்த முறையில் முழு மூளையையே அப்படியே வைத்து எடுத்து, வேண்டிய இடத்தில் சில மைக்ரான் வரை உள்ளே போகிறார்கள்.

இதில் பெரிய ஆறுதல், மெழுகுக் கட்டி செல்லும். நோயியல் துறைகளின் அலமாரிகளில் பல பத்தாண்டாகச் சேர்ந்து கிடக்கும் கட்டிகளில் இருந்து ஒரு மில்லிமீட்டர் உருளையைத் துளைத்து எடுத்து வைத்தால் போதும். திசு சேதமாவதும் குறைவு, பிறகு அதையே சீவிச் சாயம் போடலாம், எக்ஸ்.ஆர்.எஃப்.புக்கும் அனுப்பலாம். படிவு ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டி இருக்கிறதா, எத்தனை இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், என்ன வடிவம் என்று முப்பரிமாணத்தில் கேட்கிற எதற்கும் இதுதான் விடை. 5 மைக்ரான் சீவல் ஒன்றில் வட்டமாகத் தெரிவது உண்மையில் உருண்டையா, குழாயை ஒட்டி ஓடும் நீளமான உறையா என்று சீவல் சொல்லாது.

இது சொல்லாதது தனிமத்தின் பெயர். எல்லாம் சாம்பல் அளவுதான். ஒரு படிவு பளிச்சென்று தெரிந்தால் அங்கே அடர்த்தி அதிகம், அவ்வளவுதான். கால்சியமா இரும்பா என்று கேட்கக் கூடாது. கனிமம் சேராத மெல்லிய, பரவலான படிவுகள் சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறைந்தே போகலாம். "நாங்கள் பார்த்த படிவுகள் இத்தனை" என்று எழுதும்போது "எங்களால் பார்க்க முடிந்தவை" என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தரவின் கனத்தையும் முன்கூட்டியே யோசியுங்கள். 2048 வாக்செல் (முப்பரிமாணப் பிக்சல்) பக்கமுள்ள ஒரு கன சதுரம், வாக்செலுக்கு 16 பிட் என்றாலே 17 ஜிகாபைட். ஒரே பயணத்தில் நூறு கன சதுரம் எடுப்பது ஒன்றும் அதிசயமில்லை. எடுத்துக்கொண்டு வந்த வட்டுகள் இரண்டு வருடம் மேசை இழுப்பறையில் தூங்குவதும் அதிசயமில்லை. ஒரு ஆறுதல், கட்ட மாறுபாட்டைச் சிங்க்ரோட்ரான் இல்லாமலும் ஓரளவு செய்யலாம். உருகிய உலோகத் தாரையில் எலக்ட்ரானை மோதவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் ஆய்வகக் கருவிகள் இருக்கின்றன. கோட்டிங்கன் குழுவே அதைப் பயன்படுத்தியிருக்கிறது. மெதுவாக வரும், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டாம்.

மற்றவை

நுண்கற்றைச் சிதறல் என்று ஒன்று இருக்கிறது. அமிலாய்டு இழையில் புரதங்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கியிருக்கும். படிக்குப் படி 4.7 ஆங்ஸ்ட்ராம். அந்த இடைவெளிக்குரிய வளையம் சிதறலில் வந்தால் அங்கே இழை இருக்கிறது என்று சாயமில்லாமலே உறுதியாகச் சொல்லலாம். ஒரு படிவுக்குள்ளேயே இழையின் ஒழுங்கு மாறுகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இங்கே போங்கள். உலோகம்தான் கேள்வி என்றால் வேண்டாம். கற்றை சிதறும் கோலங்களிலிருந்து கணினியில் படத்தைக் கட்டியெடுக்கும் டைகோகிராபி என்ற முறை லென்ஸின் எல்லையைத் தாண்டியும் துல்லியம் தருகிறது, உறைந்த பார்க்கின்சன் மூளைத் திசுவிலேயே செய்திருக்கிறார்கள். அழகான முறை. முதல் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

சிங்க்ரோட்ரானே வேண்டாத வழியும் உண்டு. லேசரால் சீவலைச் சுரண்டி நிறை நிறமாலைமானியில் எண்ணுவது. உலோக அளவு மட்டும், சில மைக்ரான் துல்லியத்தில், பல பேரின் திசுவில் வேண்டுமென்றால் இதுவே போதும். சீவல் அழிந்துவிடும் என்பதுதான் ஒரே வருத்தம்.

கருவிக்கு முன்னால் கத்தி

இவ்வளவு ஒப்பிட்டாலும், கடைசியில் பல பேருக்குக் கருவியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கையிலே இருக்காது. திசுவை எடுத்த நாளில் யாரோ எடுத்த முடிவு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டிருக்கும். பார்மலினில் போட்ட திசுவிலிருந்து உலோகம் மெல்லக் கசியும். எவ்வளவு காலம் ஊறியதோ அவ்வளவு. இறுகப் பிணைந்த இரும்பு ஓரளவு தங்கும். தளர்வாக ஒட்டிய செம்பு, துத்தநாகத்தின் அளவை நம்பக் கூடாது. மெழுகில் ஏற்றுவதற்கு முன் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகும். எனவே பத்து வருடப் பார்மலின் திசுவை வைத்துக்கொண்டு செம்பின் ஆக்சிஜனேற்ற நிலை பற்றி எழுதினால், அது பார்மலினின் வரலாறாகத்தான் இருக்கும். வேதியியல் கேள்விக்கு உறைந்த திசு வேண்டும். அதுவும் சீக்கிரம் உறைந்ததாக. மெல்ல உறைந்தால் பனி ஊசிகள் திசுவைக் கிழித்து ஓட்டை ஓட்டையாக்கிவிடும்.

எஃகுக் கத்தி இரும்புத் துகளை உதிர்க்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போடும் ஆஸ்மியம், யுரேனியம், ஈயச் சாயங்கள் இங்கே விஷம். சாதாரணக் கண்ணாடித் தகட்டிலேயே இரும்பும் இன்னும் சில உலோகங்களும் தடமாக இருக்கும். என் ஆரம்ப நாட்களில் ஒரு முறை, எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையிலிருந்து வந்த பழக்கத்தில், சீவல்களைச் செம்பு வலையில் ஏற்றிக்கொண்டு செம்பு தேடப் போனோம். முதல் வரைபடம் திரையில் வந்தது. முழுத் திரையும் செம்பு, அழகான கட்டம் கட்டமாக. நள்ளிரவு ஒன்றரை மணி. பீம்லைன் அறிவியலாளர் ஒன்றும் சொல்லாமல் காபி எடுக்கப் போய்விட்டார். இருந்த நேரத்தில் இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வளையங்கள் எட்டு மணி நேர ஷிப்ட் கணக்கில், வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்கி, நிபுணர் குழுவை வைத்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கின்றன. முடிவை வெளியிடும் ஆய்வுக்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை. ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டிய நிறுவனங்கள்தான் காசு கொடுக்கும். விண்ணப்பம் போட்டுக் கையில் கற்றை வருவதற்குள் அரை வருடம் ஓடிவிடும். மனிதத் திசுவுக்கான ஒப்புதல் கடிதங்கள் அதற்குள் தயாராக வேண்டும். தேர்வுக் குழுவினர் முதலில் தேடுவது, 'இந்தத் திசுவைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தாயிற்றா?' என்பதற்கான ஒரு படம். அது இல்லாத விண்ணப்பம் அநேகமாகத் திரும்பும்.

சரி, எதை எடுப்பது

முதலில் சொன்ன மெழுகுக் கட்டிதான் கையில் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், கட்ட மாறுபாடு. கேள்வியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: படிவுகளின் இடம், வடிவம், ரத்தக்குழாயோடு உறவு. உலோகத்தைப் பற்றி ஆசைப்படாதீர்கள். இரும்பை மட்டும் வேண்டுமானால் ஒரு சீவலில், அளவைச் சொல்லாமல், இருக்கும் இடத்தை மட்டும் சொல்லலாம்.

உறைந்த திசு இருக்கிறது, படிவுக்குள் உலோகம் சுற்றுப்புறத்தைவிட உண்மையிலேயே அதிகமா என்பது கேள்வி என்றால் மைக்ரான் அளவு எக்ஸ்.ஆர்.எஃப். நானோ வேண்டாம். இங்கே வெற்றி எண்ணிக்கையில் இருக்கிறது. எட்டுப் பேரின் திசுவில் ஆளுக்கு ஐம்பது படிவு, நோயில்லாதவர்களின் திசுவும் அதே எண்ணிக்கையில், எல்லாம் ஒரே தடிமனில் சீவியது. இரண்டு பேரிடமிருந்து எடுத்த ஐந்து படிவின் கண்ணைப் பறிக்கும் நானோ படத்தைவிட இந்த மங்கலான நானூறுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இதழ்களின் அட்டை அப்படி நினைப்பதில்லை, அது வேறு விஷயம்.

இரும்பு இருப்பது ஏற்கெனவே தெரியும், அது ஃபெரிட்டின் புரதத்துக்குள் பத்திரமாக அடைபட்ட ஃபெர்ரிக்கா, வெளியே வந்து வினைபுரியக் கூடிய ஃபெர்ரஸா, காந்தத் தன்மையுள்ள மேக்னடைட்டா என்பதுதான் கேள்வி என்றால் எஸ்.டி.எக்ஸ்.எம். தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் எக்ஸ்.ஆர்.எஃப்.பில் இடத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். கற்றைச் சேதத்துக்கான சோதனையை முதல் நாளிலேயே செய்யுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளினால் அதற்கு நேரம் இருக்காது.

ஒரே ஒரு வாய்ப்புதான், கேள்வியும் இன்னும் தெளிவாகவில்லை என்றால்? உறைந்த திசுவில் மைக்ரான் எக்ஸ்.ஆர்.எஃப். கேட்டு எழுதுவேன். தேடாததையும் அது காட்டும் என்பதால். மூன்று சீவலை அடுத்தடுத்து எடுத்து, நடுச் சீவலைக் கற்றைக்கு, மேலதைச் சாயத்துக்கு, கீழதைத் தொடாமல் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில். அடுத்த வருடம் கேள்வி தெளிவானதும் எஸ்.டி.எக்ஸ்.எம்.முக்குக் கொண்டுபோக, எந்தப் படிவு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த திசு ஒன்று கையில் இருக்கும்.